அமைப்புக் கோப்புகளுக்கு நிலையான இடம் வேண்டும்

கணினியில் தமிழ் எழுதுகிற ஒருவர், பல ஆண்டுகளாக ஒரே எழுத்துச் செயலியைக் கையாண்டு, அது பிழையென்று சிவப்புக் கோடிட்டுக் காட்டிய ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் தம் துறைக்கே உரிய கலைச்சொற்களையும் ஒவ்வொன்றாக அதன் அகராதியில் சேர்த்து, அவசரத்தில் விழும் தட்டச்சுப் பிழைகள் தாமாகவே திருந்தும்படி ஒரு நீண்ட பட்டியலையும் வகுத்து, எழுத்துருவையும் வரி இடைவெளியையும் தம் கண்ணுக்கு இசைவாக அமைத்துக்கொண்டிருப்பாரானால், அவர் செய்திருப்பது சாமானியமான காரியம் அன்று. அந்த உழைப்பின் பலன் முழுவதும் சில சிறிய கோப்புகளில் அடங்கிக் கிடக்கிறது; அக்கோப்புகள் தம் கணினியில் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோருக்கு விடை தெரியாது.

நம் ஊர்களில் கணினி பழுதுபட்டால், பழுது பார்ப்பவரிடம் கொண்டு போவதும், "ஃபார்மேட் பண்ணினால்தான் சரியாகும், சி டிரைவில் முக்கியமாக ஏதாவது இருக்கிறதா?" என்று அவர் கேட்பதும், டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் இருப்பவற்றை எடுத்து டி டிரைவில் போட்டுவிட்டு "எல்லாம் எடுத்தாயிற்று" என்று நாம் சொல்வதும் அன்றாட வழக்கம். அப்படிச் சொல்லும் வேளையில், மறைத்து வைக்கப்பட்ட ஒரு கோப்புறைக்குள் அந்த அகராதியும், அந்தத் திருத்தப் பட்டியலும், உலாவியில் சேர்த்துவைத்த புத்தகக்குறிகளும் சி டிரைவிலேயே இருக்கின்றன. சிறிது நேரத்தில் அவை அழிந்தும் போகின்றன. பழுது பார்ப்பவரை இதற்காகக் குறை சொல்வது நியாயமன்று. கணினிக்கு உடையவரைக் குறை சொல்வதும் நியாயமன்று. கண்ணில் படாமல் வைக்கப்பட்டதை, இருக்கும் இடம் இன்னதென்று அறிவிக்கப்படாததை, ஒருவர் எப்படிக் காப்பாற்ற முடியும்?

செயலிகளின் அமைப்புக் கோப்புகளை எங்கே வைப்பது என்ற கேள்வி, மென்பொருள் எழுதுவோர் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய தொழில் நுணுக்கம் என்றே இதுவரை கருதப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் கருத்து தவறு என்பது என் திடமான அபிப்பிராயம். செயலியை எழுதியவருக்கு அச்செயலி சொந்தமாக இருக்கலாம். ஆனால் அதைத் தமக்கு இசைவாக அமைத்துக்கொள்வதற்காக உபயோகிப்பவர் செலவிட்ட காலமும் யோசனையும் அவருக்கே சொந்தம். அந்தச் சொத்து எந்த இடத்தில், எந்த உருவில் வைக்கப்படுகிறது என்பதை அவர் அறிந்துகொள்ளவும், வேண்டும்போது எடுத்துச் செல்லவும், பிரதி செய்துகொள்ளவும் வழி இருக்க வேண்டும். இந்த எளிய நியாயத்தை விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்று பெரிய இயங்குதளங்களும் தத்தம் முறையில் ஏட்டளவில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. செயலிகளை ஆக்குவோரில் பலர் அதை மதிப்பதில்லை என்பதுதான் குறை.

ஒரு செயலி கணினியில் எழுதி வைப்பவை யாவும் ஒரே தன்மையன அல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாம் நம் விருப்பப்படி வகுத்துக்கொண்ட அமைப்புகள் ஒரு வகை; நம் அகராதி, வார்ப்புருக்கள் போன்று காலப்போக்கில் சேர்ந்த தரவுகள் இன்னொரு வகை; கடைசியாக எந்தப் பக்கத்தில் நின்றோம், எந்தக் கோப்புகளைத் திறந்தோம் என்ற நினைவுக் குறிப்புகள் வேறு; வேகத்தின் பொருட்டுச் செயலி தனக்காகச் சேர்த்துவைத்துக்கொள்ளும் கேஷ் என்னும் தற்காலிகச் சேமிப்பு முற்றிலும் வேறு. முதல் இரண்டும் இழந்தால் மீளாதவை; கடைசியாகச் சொன்னது இன்று அழிந்தால் நாளைக்குத் தானாக உண்டாகும். இவற்றைப் பிரித்து வைக்காமல் ஒரே கோப்புறையில் கலந்து வைப்பது, விதைநெல்லையும் பதரையும் ஒரே குதிரில் கொட்டி வைப்பதற்கு ஒப்பாகும். பிரதி எடுக்க நினைப்பவர், சில நூறு கிலோபைட் அளவுள்ள அமைப்புகளைக் காப்பதற்காகப் பல நூறு மெகாபைட் குப்பையையும் சேர்த்துச் சுமக்கிறார். இடத்தை மிச்சப்படுத்த நினைப்பவர், குப்பை என்று எண்ணித் தம் அமைப்புகளையும் சேர்த்து அழித்துவிடுகிறார்.

இந்தக் குழப்பத்தின் வரலாறு யூனிக்ஸில் தொடங்குகிறது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய அந்த இயங்குதளத்தில், கணினி முழுவதற்கும் பொதுவான அமைப்புகளுக்கு இ.டி.சி. என்ற கோப்புறை ஒதுக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வீட்டுக் கோப்புறையும் வழங்கப்பட்டது. ஆனால் தனி ஒருவருடைய அமைப்புகள் அவர் வீட்டுக்குள் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதை யாரும் வகுக்கவில்லை. வகுக்காத அந்த இடத்தில் ஒரு தற்செயல் நிகழ்ச்சி வந்து சம்பிரதாயமாக உட்கார்ந்துகொண்டது. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012இல் அந்தக் கதையை எழுதியிருக்கிறார். கோப்புறைகளுக்குள் எளிதாக உலவுவதற்காக, இருக்கும் கோப்புறையைக் குறிக்க ஒற்றைப் புள்ளியும், அதற்கு மேலுள்ளதைக் குறிக்க இரட்டைப் புள்ளியும் பெயர்களாகச் சேர்க்கப்பட்டன. கோப்புகளைப் பட்டியலிடும் எல்.எஸ். என்ற கட்டளை ஒவ்வொரு தடவையும் இவ்விரண்டையும் காட்டித் தொந்தரவு செய்யவே, அவற்றைத் தவிர்க்க ஒரு சிறு நிபந்தனை எழுதப்பட்டது. அந்த நிபந்தனை, பெயர் முழுவதும் ஒரு புள்ளியா, இரண்டு புள்ளியா என்று பார்க்காமல், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தது. அப்படி எழுதுவது கொஞ்சம் சுருக்கமாக இருந்தது, அவ்வளவே காரணம்.

அந்தச் சுருக்கத்தின் விளைவாகப் புள்ளியில் தொடங்கும் பெயருடைய எந்தக் கோப்பும் பட்டியலில் தெரியாமற்போயிற்று. மறைந்த கோப்பு என்ற ஒன்றை யாரும் திட்டமிட்டுப் படைக்கவில்லை; அது கவனக்குறைவில் பிறந்தது. பிறந்த பின்போ, செயலி எழுதுவோர் ஒவ்வொருவரும் தம் அமைப்புக் கோப்பின் பெயருக்கு முன் ஒரு புள்ளியை வைத்து, அதை உபயோகிப்பவரின் வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டுப் போவது சௌகரியமாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாததால் எவரும் ஆட்சேபிக்கவில்லை. யூனிக்ஸின் வழக்கங்களைப் பின்பற்றும் லினக்ஸ் கணினியைச் சில ஆண்டுகள் உபயோகித்த எவரும், மறைந்த கோப்புகளையும் காட்டும்படி கேட்டுப் பார்த்தால், தாம் எப்போதோ நிறுவி எப்போதோ நீக்கிவிட்ட செயலிகளின் மிச்சங்களும், இன்றியமையாத அமைப்புகளும், தற்காலிகக் குப்பையும் ஒன்றோடொன்று கலந்து தம் வீட்டுக் கோப்புறையில் இறைந்து கிடப்பதைக் காண்பார். ஒரு வரியில் மிச்சம் பிடித்த சில எழுத்துகளுக்காக இத்தனை தலைமுறைகள் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இதைச் சீர்செய்யும் நோக்கத்துடன், லினக்ஸ் மேசைத்தளங்களுக்குப் பொது விதிகளை வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பிலிருந்து 2003ஆம் ஆண்டு ஒரு வரையறை வெளிவந்தது. எக்ஸ்.டி.ஜி. அடிப்படைக் கோப்புறை வரையறை என்பது அதன் பெயர். அமைப்புகள் கான்ஃபிக் என்ற கோப்புறையிலும், தரவுகள் லோக்கலுக்குள் ஷேர் என்ற கோப்புறையிலும், தற்காலிகச் சேமிப்பு கேஷ் என்ற கோப்புறையிலும் இருக்க வேண்டும் என்றும், உபயோகிப்பவர் விரும்பினால் ஒவ்வொன்றையும் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றும் அது கூறுகிறது. நினைவுக் குறிப்புகளுக்கு ஸ்டேட் என்ற தனி இடம் 2021இல் சேர்க்கப்பட்டது. முன்னே நான் பிரித்துக் கூறிய நான்கு வகைகளும் அப்படியே இந்த வரையறையில் இடம் பெற்றிருப்பதைக் காணலாம். மிகச் சில பக்கங்களில் அடங்கிவிடும் இந்த ஆவணத்தை, பொதுமக்களின் சௌகரியத்தைக் கருதி எழுதப்பட்ட உத்தமமான தொழில்நுட்ப ஆவணங்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

ஆனால் அதற்குக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. பயர்பாக்ஸ் உலாவி இந்த வரையறையைப் பின்பற்ற வேண்டும் என்ற கோரிக்கை 2004ஆம் ஆண்டிலேயே அதன் திருத்தப் பட்டியலில் பதிவாயிற்று. அது நிறைவேற 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய இடத்தில் கோடிக்கணக்கானோரின் கோப்புகள் இருக்கும்போது புதிய இடத்துக்குப் போவது அபாயகரமானது என்று இதற்குச் சமாதானம் சொல்லப்படுவதுண்டு. அந்தச் சமாதானத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இருந்தும், நிரல்களின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் என்ற கருவி, 2012இல் வெளிவந்த பதிப்பிலேயே, பழைய கோப்பு இருந்தால் அதையும் மதித்துப் படித்து, புதிய இடத்தில் வைத்திருப்போருக்கு அதையும் ஏற்றுக்கொண்டு, யாருடைய அமைப்பும் குலையாதபடி இந்த மாற்றத்தைச் செய்து காட்டியது. மனம் இருந்தால் வழி இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

விண்டோஸின் கதை வேறு விதமானது. அதன் தொடக்க காலத்தில் ஐ.என்.ஐ. என்ற பின்னொட்டுடைய எளிய உரைக் கோப்புகளே அமைப்புகளைத் தாங்கின. நோட்பேடில் திறந்து யாரும் படிக்கலாம், திருத்தலாம். ஒரே கணினியைப் பலர் உபயோகிக்கும் நிலையையும், பல செயலிகள் ஒரே கோப்பில் எழுதி ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டதையும் உத்தேசித்து, ரெஜிஸ்ட்ரி என்ற மத்தியப் பதிவேடு கொண்டுவரப்பட்டது. 1992இல் விண்டோஸ் 3.1இல் சிறு அளவில் தோன்றிய அது, 1993இல் விண்டோஸ் என்.டி.யிலும் 1995இல் விண்டோஸ் 95இலும் முழு ஆட்சியைப் பெற்றது. நிர்வாகிகளுக்கு அதனால் கிடைத்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஒரு பெரிய அலுவலகத்தின் நூற்றுக்கணக்கான கணினிகளில் ஒரே விதியை ஒரே நேரத்தில் அமுலாக்க அது பேருதவி. ஆனால் தனி மனிதருக்கு அது நஷ்டமாகவே முடிந்தது. அவருடைய அமைப்புகள் அவர் படிக்கக்கூடிய உரையாக இல்லாமல், என்.டி.யூசர் என்ற மறைந்த இருமக் கோப்புக்குள் எல்லாச் செயலிகளின் குறிப்புகளோடும் பிணைந்து போயின. ஒரு செயலியின் அமைப்பை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுத்துப் புதிய கணினிக்குக் கொண்டு போவது சாதாரண மனிதருக்கு ஆகக்கூடிய காரியம் அன்று.

2007இல் பொதுமக்களுக்குக் கிடைத்த விண்டோஸ் விஸ்டா, ஆப்டேட்டா என்ற கோப்புறையை ஒவ்வொருவருக்கும் அமைத்து, அதற்குள் ரோமிங், லோக்கல் என்று பிரித்தது. ஊழியர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவரைத் தொடர்ந்து செல்ல வேண்டியவை ரோமிங்கிலும், அந்த ஒரு கணினிக்கே உரியவை லோக்கலிலும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு சிறப்பானதே. நடப்பது என்ன? எலெக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்ட செயலிகள் இன்று ஏராளம்; அந்த அடித்தளம், ஆக்குவோர் வேறு விதமாகக் கட்டளையிடாவிட்டால், அமைப்புகளையும் உலாவியின் பெரும் தற்காலிகச் சேமிப்பையும் சேர்த்து ரோமிங்கிலேயே கொட்டுகிறது. லினக்ஸிலும் இதே செயலிகள் கான்ஃபிக் கோப்புறைக்குள் கேஷைப் புதைக்கின்றன. பெரிய கோப்புகளை அங்கே எழுதாதீர்கள் என்று எலெக்ட்ரானின் ஆவணமே அறிவுரை கூறுகிறது. அந்த அறிவுரையைப் படித்து நடப்போர் குறைவு.

விஸ்டாவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அதன் விளைவை இன்னும் பலர் அறியார். பழைய செயலிகள் தம் அமைப்புக் கோப்புகளைப் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில், தம் பக்கத்திலேயே எழுதி வந்தன. பாதுகாப்பின் பொருட்டு அங்கே எழுதுவது தடுக்கப்பட்டபோது, அச்செயலிகள் நின்றுபோகாமல் இருக்க, அவை எழுதுவதை விண்டோஸ் ரகசியமாக லோக்கலுக்குள் உள்ள வர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பி விடுகிறது. செயலி தான் குறித்த இடத்திலேயே எழுதியதாக நம்புகிறது. உபயோகிப்பவர் அந்த இடத்தில் போய்ப் பார்த்தால் பழைய கோப்பே இருக்கிறது. சிறு கடைகளிலும் அச்சகங்களிலும் பழைய கணக்குச் செயலிகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவோர், செயலியின் கோப்புறையைப் பிரதி எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து, புதிய கணினியில் திறக்கும்போது பல ஆண்டுகளுக்கு முந்தைய நிலையைக் காண நேர்வதற்கு இது ஒரு காரணம். நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதானாலும், அறிவிக்காமல் செய்யப்பட்ட உதவி அபகாரமாக முடிந்தது.

மேக் கணினிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற முன்னோடி இயங்குதளத்திலிருந்து வந்த ஒழுங்கு அங்கே இருக்கிறது. லைப்ரரி என்ற கோப்புறையில் பிரெஃபரன்சஸ், அப்ளிகேஷன் சப்போர்ட், கேஷஸ் என்று தொடக்கத்திலிருந்தே பிரிவுகள் உண்டு. செயலி ஆக்குவோரும் பெரும்பாலும் அதை மதிக்கிறார்கள். ஆனால் 2011இல் வெளிவந்த லயன் பதிப்பிலிருந்து அந்த லைப்ரரியையே ஆப்பிள் மறைத்துவிட்டது. கைதவறி அழித்துவிடாமல் காப்பதற்காக மறைப்பதில் தவறில்லை. மறைத்ததைக் காண ஒரு வாசலை எல்லோரும் அறியும்படி வைக்காததுதான் தவறு.

மூன்று தளங்களிலும் இயங்கும் ஒரு செயலி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு லிப்ரே ஆபீஸை முன்மாதிரியாகக் காட்டலாம். அதன் உபயோகிப்பாளர் கோப்புறை விண்டோஸில் ஆப்டேட்டாவின் ரோமிங்கிலும், மேக்கில் லைப்ரரியின் அப்ளிகேஷன் சப்போர்ட்டிலும், லினக்ஸில் கான்ஃபிக்கிலும், அதாவது அந்தந்தத் தளம் விதித்த இடத்திலேயே, இருக்கிறது. உள்ளே போனால் மூன்றிலும் ஒரே அமைப்பு. நாம் சேர்த்த சொற்கள் வேர்ட்புக் என்ற கோப்புறையில் சாதாரண உரையாகவே இருக்கின்றன. உபயோகிப்பாளர் கோப்புறையின் பாதையில் 2013இல் நான்காம் பதிப்பின்போது இட்ட 4 என்ற பெயர், செயலியின் பதிப்பு எண் எவ்வளவோ உயர்ந்துவிட்ட பின்பும் மாறாமல் நிற்கிறது. அதனால் புதிய பதிப்புக்கு மாறியவர் தம் சொற்களை இழப்பதில்லை. ஆயினும் இதே செயலியை ஃப்ளாட்பேக் அல்லது ஸ்னாப் என்ற பொதிவு முறையில் நிறுவினால், அந்த முறை இந்த ஏற்பாட்டை மீறித் தனக்கென ஒரு கோப்புறையில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறது. ஒரே கணினியில், ஒரே இயங்குதளத்தில், ஒரே செயலிக்கு, நிறுவிய விதத்தைப் பொறுத்து மூன்று இருப்பிடங்கள்! பாதுகாப்புக்காகச் செயலிகளைத் தனித்தனிக் கூண்டில் வைப்பது அவசியம்தான். கூண்டின் சாவி எங்கே என்று வீட்டுக்காரருக்குச் சொல்வதும் அதே அளவு அவசியம்.

தமிழர்களுக்கு இதில் பிரத்தியேகமான ஓர் இடர்ப்பாடு உண்டு. விண்டோஸின் பழைய செயல்முறைகள், மொழிகளின் எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் குறியீட்டுப் பக்கங்களை நம்பியிருந்தன. ஐரோப்பிய மொழிகளுக்கும், அரபிக்கும், ஹீப்ருவுக்கும், தாய்லாந்து மொழிக்கும் அப்படிப்பட்ட பக்கங்கள் இருந்தன. தமிழுக்கு அவ்விதம் ஒன்றும் ஏற்படவில்லை; விண்டோஸ் 2000இல் யூனிகோடின் வழியாகவே தமிழ் உள்ளே வந்தது. ஆகவே ஒருவர் தம் பெயரைத் தமிழிலேயே கொடுத்துக் கணினியில் கணக்குத் தொடங்கினால், அவருடைய கோப்புறையும் தமிழ்ப் பெயரையே பெறுகிறது. பழைய முறையில் எழுதப்பட்ட செயலி அந்தப் பாதையைக் கேட்கும்போது, தமிழ் எழுத்துகளின் இடத்தில் கேள்விக்குறிகளைப் பெறுகிறது. கேள்விக்குறியோ விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் வரவே கூடாத குறி. எனவே அச்செயலியால் தன் அமைப்புகளை எழுதவும் முடிவதில்லை, படிக்கவும் முடிவதில்லை. சில செயலிகள் காரணம் சொல்லாமலே நின்றுவிடுகின்றன. மேக்கின் பழைய கோப்பு முறையிலோ, கொ, கோ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறி இரண்டாகப் பிரிக்கப்பட்டுச் சேமிக்கப்பட்டதால், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் கணினிக்கு வேறு வேறாக இருந்தன. இதைச் சமாளிக்கக் கிட் கருவிக்கே ஒரு தனி அமைப்பைச் சேர்க்க வேண்டி வந்தது.

இதனால்தான் கணக்குப் பெயரை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுபவசாலிகள் நமக்குப் புத்தி சொல்கிறார்கள். அந்த யோசனை இன்றைக்கு உதவலாம். அதை நிரந்தர நியாயமாக நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. தம் கணினியில் தம் பெயரைத் தம் மொழியில் எழுதுவது ஒருவருடைய உரிமை. 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903ஆம் பதிப்பிலிருந்து, ஒரு செயலி தன் அறிவிப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாலே, பழைய முறைகளும் யூனிகோடின் யு.டி.எஃப்.-8 குறியீட்டின் வழியாகத் தமிழ்ப் பாதைகளைப் பிசகின்றிப் பெறும்படி வசதி செய்யப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரியைச் சேர்க்கவும், தமிழ்ப் பெயருள்ள கணக்கில் ஒரு தடவை செயலியை ஓட்டிப் பார்க்கவும் மறுப்பவர், அதைத் தமிழருக்கு விற்கும் தகுதியைக் கோர முடியாது.

இவ்வளவு தொந்தரவு எதற்கு, எல்லாவற்றையும் நிறுவனத்தின் மேகக்கணினியில் ஒரு கணக்கின் கீழ் வைத்துவிட்டால் எந்தக் கணினியிலும் தானாக வந்து சேருமே என்று கேட்போர் உண்டு. சௌகரியம் பெரிதுதான், அதை அனுபவிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கு முடக்கப்பட்டாலோ, சேவை நிறுத்தப்பட்டாலோ, இணையம் நிலையாக இல்லாத ஊரில் இருந்தாலோ, நம் அமைப்புகள் நம் கைக்கு எட்டாமற் போகின்றன. ஒரு நிறுவனத்தின் செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற நினைப்பவருக்கு அந்தப் பிரதி எவ்விதத்திலும் உதவாது. அயலிடத்தில் பிரதி இருப்பது நல்லது. மூலம் நம் கணினியில், நாம் படிக்கக்கூடிய உருவில் இருப்பது அதைவிட அவசியம்.

மூலம் நம் கையில் இருக்கும்போது ஒரு ஜாக்கிரதையும் வேண்டும். கடவுச்சொற்களையும் சேவைகளின் ரகசியச் சாவிகளையும் அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைத்து, அந்தக் கோப்பை எல்லோரும் காணும் நிரல் களஞ்சியத்தில் ஏற்றிவிடும் பிழையை மாணவர்களும் செய்கிறார்கள், தேர்ந்த நிறுவனங்களும் செய்கின்றன. ரகசியங்களுக்கு மேக்கில் கீசெயின், விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜர், லினக்ஸில் கீரிங் என்று தனிப் பெட்டகங்கள் இருக்கின்றன; ரகசியங்கள் அங்கேதான் இருக்க வேண்டும். அதேபோல, ஒரு கணினிக்கே உரிய பாதைகளையும் திரை அளவுகளையும் எங்கும் கொண்டு செல்ல வேண்டிய விருப்பங்களோடு ஒரே கோப்பில் கலப்பதையும் தவிர்க்க வேண்டும். விண்டோஸில் எழுதிய பாதை லினக்ஸில் எதையும் குறிக்காது.

செயலி ஆக்குவோர் இதைக் கடினம் என்று சொல்லித் தப்ப முடியாது. க்யூடி அடித்தளத்தில் எழுதுவோருக்கு க்யூஸ்டாண்டர்ட்பாத்ஸ் இருக்கிறது. பைதானில் எழுதுவோருக்கு பிளாட்ஃபார்ம்டிர்ஸ் என்ற நூலகம் இருக்கிறது. கோ மொழியில் 2019 முதல் இதற்கென ஒரு செயற்கூறு மொழியோடேயே வருகிறது. எந்தத் தளத்தில் எந்த இடம் என்பதை இவை தாமே அறிந்து சொல்கின்றன. ஒரு வரி எழுதினால் போதும். நம் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் இறுதியாண்டுச் செயலிகளை எழுதுகிறார்கள். அமைப்பை எங்கே வைத்தாய், கேஷை எங்கே வைத்தாய், ரகசியத்தை எங்கே வைத்தாய் என்ற மூன்று கேள்விகளை வாய்மொழித் தேர்வில் கேட்கும்படி பேராசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.

தமிழக அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பும் அருகருகே இருந்தன. ஒன்றில் தாம் அமைத்துக்கொண்டது மற்றொன்றில் ஏன் வரவில்லை என்று வியந்த பிள்ளைகளுக்கு, அவற்றை எடுத்துச் செல்லும் வழியைச் சொல்லித் தர ஒரு பக்கத் துண்டுத்தாள் போதுமானதாக இருந்திருக்கும். அரசு இனி எந்தச் செயலியை வாங்கினாலும், எழுதச் செய்தாலும், உபயோகிப்பவரின் அமைப்புகள் தளம் விதித்த இடத்தில், படிக்கக்கூடிய உருவில், ஏற்றுமதி செய்யும் வசதியுடன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். இதற்கு அதிகச் செலவு பிடிக்காது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயர்பாக்ஸில் உதவிப் பட்டியலின் கீழ்ச் சிக்கல் தீர்க்கும் தகவல் பக்கத்தைத் திறந்தால், உங்கள் கோப்புறையைத் திறக்கும் பொத்தானே அங்கே இருக்கிறது. லிப்ரே ஆபீஸில் கருவிகள் பட்டியலில் விருப்பத்தேர்வுகளுக்குள் பாதைகள் என்ற பக்கம் உங்கள் சொற்கள் இருக்கும் இடத்தைக் காட்டும். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து, இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஆப்டேட்டா என்று இடம் விடாமல் தட்டினால், ரோமிங் கோப்புறை நேரே திறக்கும். செயலியை மூடிவிட்டு அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கணினியை ஃபார்மேட் செய்யக் கொடுக்கும் முன் அதைக் கட்டாயம் செய்யுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய செயலி தன் அமைப்புகள் இருக்கும் இடத்தை எங்கும் காட்டவில்லையானால், அதை ஆக்கியவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.